மரம் ஏறும் சாமான்கள்: வாங்கும்போதும் பேணும்போதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையம், ஆழ்வார்குறிச்சி, செங்கோட்டை பக்கம் போனால் தென்னை. திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி பக்கம் வந்தால் பனை. திருநெல்வேலியிலிருந்து 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. ஆனாலும் மரம் ஏறுகிறவர்கள் கேட்பது எங்கேயும் ஒன்றுதான்: எதை வாங்க, எத்தனை நாள் வைத்திருக்க, எப்போது தூக்கிப் போட? இந்தப் பக்கத்தைப் படித்து யாரும் மரம் ஏறக் கற்றுக்கொள்ள முடியாது. ஏறத் தெரிந்தவர்களுக்காகவும், ஆள் வைத்துத் தேங்காய் வெட்டுகிற தோப்புக்காரர்களுக்காகவும் எழுதியது.

தென்னை ஏறும் மெஷின் வாங்கியாச்சு. அப்புறமும் பெல்ட், கயிறு எல்லாம் எதற்கு அண்ணாச்சி?

மெஷின் உங்களை மேலே கொண்டுபோகும். கை நழுவினாலோ தலை சுற்றினாலோ உங்களைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை இல்லை. நின்று ஏறும் மாடலில் இரண்டு காலும் மிதியில் மாட்டியிருக்க, உடம்பு முழுக்க இரண்டு கையின் பிடியில்தான் நிற்கிறது. கதண்டு (பெரிய குளவி) ஒன்று கழுத்தில் கொட்டினால் போதும், கை தானாகப் பிடியை விடும்.

ஆகவே ஏற்றுகிற சாமான் வேறு, விழாமல் பிடிக்கிற சாமான் வேறு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் கட்டுகிறவர்களிலும் பலர் அதன் கொக்கியை மெஷின் சட்டத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். மெஷினை மரத்தோடு சுற்றிப் பிடிக்கிற கம்பிவடம் வழுக்கி மெஷின் கீழே வந்தால் பெல்ட்டும் ஆளும் சேர்ந்துதான் வருவார்கள். மரத்தைச் சுற்றித் தனியாக ஒரு கயிறு போட்டு அதில் மாட்டுங்கள். அந்தக் கயிறு வெறும் வளையமாக இருந்தால் வழவழப்பான தென்னையில் அதுவும் சரசரவென்று இறங்கிவிடும். எடை விழுந்ததும் மரத்தை இறுக்கிப் பிடிக்கிற சுருக்காக இருக்க வேண்டும். ஏற ஏற அதையும் கூடவே தள்ளிக்கொண்டு போக வேண்டும், கொஞ்சம் நேரம் பிடிக்கும்தான். சுருக்கு எப்போதும் இடுப்புக்கு மேலேயே இருக்கட்டும். தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுந்த பிறகுதான் கயிறு பிடிக்கும்.

கொண்டையில், அதாவது மட்டைகள் விரிகிற உச்சியில், இருக்கும்போது கயிற்றை மட்டையில் கட்டுகிற பழக்கமும் உண்டு. பச்சை மட்டை என்றாலும் அதை நம்ப வேண்டாம், தண்டில்தான் கட்ட வேண்டும். பழுத்த மட்டை கை வைத்தாலே கழன்று வரும்.

உட்கார்ந்து ஏறும் மாடல் நல்லதா, நின்று ஏறும் மாடலா?

கேரளத்தில் கண்ணூர் பக்கத்துச் செம்பேரியிலிருந்து வந்த மாதிரி நின்று ஏறுவது. வேகமாக ஏறலாம், விலையும் குறைவு. ஒரு நாளில் நிறைய மரம் பார்க்கிறவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய 'தென்னை மரத்தின் நண்பர்கள்' பயிற்சிக்குப் பிறகு இந்த மாதிரி ஊரெல்லாம் பரவியது. உட்கார்ந்து ஏறுவது மெதுவாகப் போகும், ஆனால் மேலே போய் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் வேலைக்கு விடலாம். கொண்டை சுத்தம் செய்ய, வண்டுக்கு மருந்து வைக்க, வயதானவர்கள் சொந்தத் தேவைக்கு நாலு மரம் ஏற இது தோதானது.

எதை வாங்கினாலும் கடைக்காரர் நட்டு வைத்திருக்கிற கம்பத்தில் ஏறிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தோப்பு மரத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றங்கரைத் தோப்புகளில் சாய்ந்த மரம் நிறைய உண்டு, அடி பெருத்து நடு சிறுத்த மரமும் உண்டு. ரொம்பச் சாய்ந்த மரத்துக்கு எந்த மெஷினும் லாயக்கில்லை. அடிமரத்தில் சரியாக இறுகியிருந்த வடம் மேலே போகப் போகத் தளரும், மிதி கீழ்நோக்கிச் சாயத் தொடங்கும். அங்கே நின்று வடத்தைச் சரிசெய்ய எளிதாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் மெஷின் பார்க்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான், பெயின்ட்டை இல்லை.

மெஷினில் எதை அடிக்கடி சோதிக்க வேண்டும்?

கம்பிவடம். அதன் மேல் உறை போட்டிருந்தால் உறையை வளைத்துப் பார்த்து உள்ளே துரு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு இருந்தாலும் வடத்தை மாற்றிவிடுங்கள். தடவிப் பார்ப்பதென்றால் வெறும் கையால் தடவாதீர்கள், பழந்துணியை வைத்து இழுத்தால் உடைந்த இழை துணியைப் பிடிக்கும். வடம் கொக்கியில் சேருகிற வளைவு அறுந்துபோகிற முதல் இடம். அடுத்தது மரத்தில் பதிகிற ரப்பர். அது தேய்ந்து இரும்பு தெரிந்தால் பிடிப்பு போச்சு. வெல்டிங் இணைப்பில் பெயின்ட் கோடு போலப் பிளந்திருந்தால் அதன் அடியில் விரிசல் இருக்கலாம். சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வடத்துக்கும் கொக்கிக்கும் லேசாக எண்ணெய் காட்டுங்கள். ரப்பரில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. தென்காசிப் பக்கம் பிரச்சினை வேறு: சாரல் காலத்தில் மரத்தில் பாசி ஏறிவிடும். அப்போது புது ரப்பரும் வழுக்கும். வெயில் வந்து மரம் காய்கிற வரை ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போடலாம், தேங்காய் எங்கும் ஓடிவிடாது.

பனைக்கு மெஷின் ஒத்துவருமா?

எதற்காக ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நுங்கு வெட்ட, ஓலை வெட்ட எப்போதாவது ஏறுகிறவருக்கு, பனைக்கென்று செய்த அகன்ற மெஷின் உதவும். பதநீர் இறக்குகிறவருக்கு உதவாது என்றுதான் சொல்வேன்.

தென்னையில் ஒரு மரத்துக்கு நாற்பத்தைந்து நாளோ இரண்டு மாதமோ கழித்துத்தான் திரும்ப ஏறுகிறோம். பனையில் பாளை சீவ ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும், அதுவும் மரத்துக்கு மரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் மெஷினை மாட்டிக் கழற்றுகிற நேரத்தில் பனையேறி அடுத்த மரத்துக் கலயத்தை இறக்கியிருப்பார். போதாததற்குப் பனையின் அடிமரம் பெருத்தது, மேல்பகுதி சொரசொரப்பு, சில மரங்களில் பழைய மட்டைத் தூர் உதிராமல் நிற்கும். பனை ஏறும் கருவிக்காக ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன, வல்லநாடு பக்கத்துக் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனைக்கென்றே ஆராய்ச்சித் திட்டம் உண்டு. ஆனாலும் விளைக்குள் (பனந்தோப்புக்குள்) காலில் மாட்டுகிற தளைநாரும், அடிமரத்தில் சாய்த்து வைத்து மிதித்து ஏறுகிற முருக்குத்தடியும்தான் இன்றும் நடக்கிறது.

சரி, பனையேறி பெல்ட்டே கட்ட வேண்டாமா? கட்டலாம். ஆபத்து கூடுதலாக இருப்பது மரத்தண்டில் இல்லை, மட்டைக்குள் நுழைகிற இடத்தில், அப்புறம் மேலே இருந்து பாளை சீவுகிற நேரத்தில். ஏறும்போது கயிறு கட்ட மனம் ஒப்பாதவர்கள் மேலே போனதும் தண்டைச் சுற்றி ஒரு சுருக்கு மாட்டிக்கொண்டாலும் பாதிக் கவலை தீரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பனை மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு. அது ரம்பம் போலச் சாதாரண நைலான் பட்டையை அறுத்துவிடும். பனைக்கு வாங்குகிற கயிற்றின் உள்ளே இரும்புவடம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மேலே தடித்த தோல் உறையாவது தைத்திருக்க வேண்டும்.

தளைநார், முருக்குத்தடி, நெஞ்சுத்தோல் இதையெல்லாம் எப்படிப் பேணுவது?

தளைநார் இரண்டு காலையும் சேர்த்து மரத்தில் பதிய வைக்கிற வளையம். மட்டை நாரில் முறுக்குவார்கள், இப்போது கயிற்றிலும் பட்டையிலும் செய்துகொள்கிறார்கள். நாரில் செய்தது நன்றாகக் காய்ந்துவிட்டால் மடிப்பில் வெடிக்கும். ஏறுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக்கொள்வது அதற்குத்தான். அதற்காகச் சொட்டச் சொட்ட நனைத்தால் கால் வழுக்கும். இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். உள்ளிருந்து தூசி கொட்டினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால், அதில் ஏற வேண்டாம். புது நார் திரிக்க ஆகும் நேரம் அரை நாள்கூட இல்லை.

முருக்குத்தடியில் பார்க்க வேண்டியது கவை சேருகிற இடத்து வெடிப்பும் பூச்சித் துளையும். அடியில் நின்று முதல் மிதி மிதிக்கும்போது 'மடக்' என்று சத்தம் கேட்டால் மாற்றிவிடுங்கள்.

நெஞ்சுத்தோல், கால்தோல் வியர்வை குடித்து விறைத்துப் போகும். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் காயப்போட்டு, விளக்கெண்ணெய் கொஞ்சமாகத் தேய்த்து வைத்தால் வெடிக்காது. அடுப்பின் மேல் கட்டித் தொங்கவிடுவதை விட்டுவிடுங்கள், தோல் கருகிப் பொடியாகிவிடும்.

கடையில் 'நைலான் கயிறு' என்று கேட்டு வாங்கினேன். அதில் தொங்கலாமா?

மாடு கட்டவும் மோட்டார் இறக்கவும் விற்கிற பளபளப்பான வண்ணக் கயிறு பெரும்பாலும் நைலானே இல்லை. ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு நன்றாக அமுக்கி விடுங்கள். மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். மிதக்கிற ரகம் வெயிலில் சீக்கிரம் உளுத்துப்போகும், உரசல் சூட்டில் சீக்கிரம் இளகும். பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி வாக்கில் உருகத் தொடங்குகிறது, நைலான் 200 டிகிரிக்கு மேலே தாங்கும். கயிற்றின் மேல் கயிறு வேகமாக உரசி ஓடுகிற இடத்தில் இந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

மூழ்கிவிட்டது என்பதற்காக அதில் ஏறலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆள் தொங்குவதற்கென்று செய்த கயிறு உள்ளே இழைக் கற்றையும் வெளியே பின்னிய உறையுமாக இருக்கும், பருமன் 11 முதல் 13 மில்லிமீட்டர், முனையில் தர எண் ஒட்டியிருக்கும். நனைந்த நைலான் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் பலம் இழக்கும் என்பதையும், முடிச்சு விழுந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கூடுதலோ பலம் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு பெல்ட் போதாதா?

விழுந்த வேகம் முழுக்க இடுப்பிலும் வயிற்றிலும் இறங்கினால் முதுகெலும்பும் ஈரலும் தாங்காது. தலைகீழாகி உருவி விழுந்தவர்களும் உண்டு. தொடை, இடுப்பு, தோள் மூன்றையும் பிடிக்கிற முழு உடம்பு பெல்ட்தான் வேண்டும். கட்டட வேலைக்கு விற்பதில் முதுகுப்பக்கம் மட்டும் வளையம் இருக்கும். மரத்தைப் பார்த்தபடி சாய்ந்து வேலை செய்ய இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கட்டிக்கொண்டு கடையிலேயே குந்தி எழுந்து பாருங்கள். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மடக்கிய கைமுட்டி நுழையக்கூடாது.

அதில் ஒட்டியிருக்கிற எண்களை எப்படிப் படிப்பது?

முழு உடம்பு பெல்ட்டில் ஐ.எஸ். 3521, ஹெல்மெட்டில் ஐ.எஸ். 2925. இவை இந்தியத் தர எண்கள். வெளிநாட்டுச் சரக்கில் இ.என். 361 என்று இருந்தால் அது முழு உடம்பு பெல்ட், இ.என். 358 என்று மட்டும் இருந்தால் சாய்ந்து நிற்க உதவுகிற இடுப்பு பெல்ட், விழுவதைப் பிடிக்காது. இரும்புக் கொக்கியில் 'கே.என்.' என்று பொறித்திருப்பார்கள். ஒரு கே.என். என்றால் சுமாராக நூறு கிலோ. நீளவாக்கில் 20-க்கு மேல் போட்டிருக்கிற கொக்கியிலேயே குறுக்குவாக்கில் 7 என்று இருக்கும். கொக்கி திரும்பிக் குறுக்கே மாட்டினால் பலம் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது என்று அதற்கு அர்த்தம். தானாகப் பூட்டிக்கொள்கிற கொக்கியே வாங்குங்கள். திருகுப் பூட்டை மேலே போன அவசரத்தில் பூட்ட மறந்துவிடுவோம்.

தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லாத பெல்ட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். யாரோ பயன்படுத்தியதை வாங்கவே கூடாது, அதில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பெல்ட் சொல்லாது.

கழுவுவது, வைப்பது?

சாதாரணத் தண்ணீர், குளிக்கிற சோப்பு, நிழல். வாஷிங் பவுடரும் வேண்டாம், கொதிக்கிற மொட்டை மாடியும் வேண்டாம்.

பதநீர் வேலையில் இருப்பவர்கள் கலயத்துச் சுண்ணாம்பைக் கவனிக்க வேண்டும். பாலியஸ்டர் பட்டைக்குக் காரம் ஆகாது, நைலானுக்கு அமிலம் ஆகாது. சுண்ணாம்பு காரம். பாலியஸ்டரில் தைத்த பெல்ட்டில் அது தினமும் பட்டுக் காய்ந்தால் இழை மெல்ல மெல்ல நலிந்துவிடும், அன்றன்றைக்கே அலசிவிடுங்கள். பேட்டரித் தண்ணீர் அமிலம். லோடு ஆட்டோவில் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் பெல்ட்டைப் போட்டுக் கொண்டுபோவது நைலானைக் கொல்கிற வேலை, கறைகூடத் தெரியாமல் அறுந்துபோகும்.

இன்னொன்று எலி. பதநீர் சொட்டிய பட்டையைக் கருப்பட்டி காய்ச்சுகிற விடிலியில் (ஓலைக் குடிசையில்) தொங்கவிட்டால் எறும்பு வரும், அதன் பின்னால் எலியும் வரும். மூடி உள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

எப்போது தூக்கிப் போட வேண்டும்?

ஒருமுறை ஆள் விழுந்து அது பிடித்திருந்தால் அன்றைக்கே. பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் அதன் வேலை முடிந்தது. தையல் நூல் விட்டிருந்தால், ஓரம் பஞ்சுபோல் பிரிந்திருந்தால், வெயிலில் வெளுத்து விறைத்திருந்தால், ஒரு இடம் உருகிப் பளபளத்தால் அப்போதே. கயிற்றை விரல்களுக்கு நடுவே உருவிக்கொண்டே போங்கள், மெத்தென்று பள்ளமாகத் தட்டுப்படுகிற இடத்தில் உள்ளிழை போயிருக்கும். ஒன்றுமே ஆகாவிட்டாலும் பல தயாரிப்பாளர்கள் துணிச் சாமான்களுக்குப் பத்து ஆண்டுதான் கெடு தருகிறார்கள். நம் வெயிலில் தினமும் புழங்குவது அதில் பாதிகூடத் தாங்கினால் ஆச்சரியம்.

தூக்கிப் போடும்போது நாலாக வெட்டிப் போடுங்கள். முழுசாகக் குப்பையில் கிடந்தால் யாராவது எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள்.

காலில் முள் கட்டி ஏறலாமா? மரத்தில் படி வெட்டலாமா?

வெட்டி வீழ்த்தப் போகிற மரத்தில் மட்டும். புளி, வேம்பு மாதிரி மரங்களில் பட்டைக்கு அடியில் வளர்கிற அடுக்கு இருப்பதால் காயம் மெல்ல மூடிக்கொள்ளும். தென்னைக்கும் பனைக்கும் அந்த அடுக்கே கிடையாது. இன்று குத்திய துளை மரம் சாகிற வரை துளையாகவே இருக்கும். தென்னையில் அந்த ஓட்டை சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கிற வாசல், சாறு வடிதல் நோய்க்கும் அதுவே வழி. ஏற லேசாக இருக்கும் என்று படி வெட்டிய தோப்பில் சில ஆண்டு கழித்து ஏற மரமே இருக்காது.

பைக் ஹெல்மெட் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். காது அடைக்கும், மேலே பார்க்க விடாது. தாடைப் பட்டை உள்ள தொழில் ஹெல்மெட் போதும். கீழே காய் பொறுக்குகிறவருக்கும் ஒன்று வேண்டும், அவர் தலையில்தானே விழுகிறது.

மின்கம்பி பக்கத்து மரத்துக்கு நீளமான தொரட்டி போதுமா?

அலுமினியக் கம்பில் தொரட்டி கட்டி மின்கம்பி பக்கம் நீட்டாதீர்கள். மூங்கில் என்றாலும் ஈரமாக இருந்தால் அதே கதைதான், பச்சை ஓலையும் மின்சாரம் கடத்தும். வீட்டு மெயினை அணைத்தால் தெருக்கம்பி அணையாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்திவிட்டார்கள் என்று ஊழியர் வாயால் கேட்ட பிறகுதான் ஏற வேண்டும்.

அரிவாளுக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

மழுங்கிய அரிவாளால் ஓங்கி வெட்டுகிறவர் நிலைதடுமாறுவார். பாளை அரிவாளைத் தீட்டுப் பலகையில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லின் பொடி தூவித் தீட்டுகிற பழைய முறைக்கு ஈடாக நான் ஒன்றும் பார்க்கவில்லை. மேலே போகும்போது அரிவாள் அரிவாள்பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், வாயிலோ பெல்ட்டின் இடுக்கிலோ இல்லை. இறுகி நிற்கிற கயிற்றில் கூர்மையான அரிவாள் லேசாகப் பட்டாலும் கயிறு தெறித்துவிடும். தேங்காய்க் குலை வெட்டுகிறவருக்கும் இரும்புவடம் ஓடுகிற கயிற்றைச் சொல்வது அதனால்தான்.

ஏறினவர் மயங்கிப் பெல்ட்டில் தொங்கினால்?

அசையாமல் தொங்குகிறவருக்குக் காலில் ரத்தம் தேங்கி, நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே தனியாக ஏறவே கூடாது. கீழே நிற்கிறவருக்கும் ஏறத் தெரிய வேண்டும், அவருக்கென்று இன்னொரு செட் சாமான் அடிமரத்தில் கிடக்க வேண்டும். 108-க்குச் சொல்லிவிட்டு, உடனே இறக்கப் பாருங்கள். நினைவு இருந்தால் இறக்குகிற வரை காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கீழே விழுந்துவிட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்க வேண்டாம். கழுத்து அசையாமல் மூன்று நான்கு பேர் ஒன்றாகப் புரட்டிக் கதவுப் பலகையில் வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

தோப்பு என்னுடையது, ஏற வருகிறவர் சொந்தச் சாமானோடு வருகிறார். நான் என்ன பார்க்க வேண்டும்?

வடம், கொக்கி, பெல்ட் தையல் மூன்றையும் அவரோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள். கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம், வேலை தெரிந்தவர் காட்டத்தான் செய்வார். எந்த மரத்தில் கதண்டுக் கூடு, எது கூன்வண்டு துளைத்த மரம், எதன் மேல் கம்பி போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது கயிறு மாட்டி ஏற ஆகிற நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் அவர் கயிறை அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

அவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா இருக்கிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பனையேறிகளுக்குத் தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவையும் காலத்தோடு புதுப்பித்து வைக்க வேண்டும், கெடு தாண்டிய அட்டையைக் காட்டி உதவி கேட்டால் இழுபறிதான்.